இரண்டாம் படத்தில் அம்மா

“படத்துல எங்கம்மா இருக்கணும் சார்.”

“எனக்காக யாருகிட்டயும் எதையும் கேட்டுறாத” என்று, நான் ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்த அன்றே அம்மா சொல்லியிருந்தாள். கேட்டுவிட்டேன்.

குளத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளியின் பொன்விழாப் படம். எல்லாரையும் நீள வரிசையாக நிறுத்தி, ஒன்றின் ஓரம் அடுத்ததிலும் விழும்படி நான்கு படமாக எடுத்து ஒன்றாக இணைக்க வேண்டும். அங்கே பத்தொன்பது வருடமாகக் கூட்டுகிற அம்மா இரண்டாம் படத்தில் நிற்கிறாள். மூன்றாவதற்குள் ஒரு வாத்தியார் கையசைக்க, நகர்ந்துவிட்டாள். அவள் நின்ற இடம் மூன்றாவதில் காலியாக விழுந்ததால், முதலாளியின் சாப்ட்வேர் இணைக்கும்போது அவளைத் தானாகவே அழித்துவிட்டது. இலவசமாகக் கிடைக்கிற சாப்ட்வேர்களில் மூன்றை இறக்கிப் பார்த்தேன். இரண்டு அதையேதான் செய்தன. மூன்றாவது மட்டும், எந்தப் படத்தில் எந்த இடம் வேண்டுமென்று என்னையே குறிக்க விட்டது. அம்மாவைச் சுற்றிக் கோடு போட்டேன்.

முதலாளி சூர்யநாராயணன் தன் சாப்ட்வேர் இணைத்ததையும் நான் இணைத்ததையும் பார்த்தார்.

“ஓசி சாப்ட்வேர வச்சு ரெண்டு நாளக் கெடுத்திருக்க. நம்மளது எம்புட்டுச் சுத்தமா இருக்கு பாரு.”

“எங்கம்மா அழுக்கா சார்?”

“அப்புடிச் சொல்லலம்மா. வெளக்குமாறும் கையுமா ஒரு ஆளு நிக்கிறத ஹெட்மாஸ்டரே வேணாங்குறாரு. டிகிரி முடிச்ச புள்ள, ஒனக்கே கூச்சமா இல்லையா?”

இருந்தது. கல்லூரியில் மூன்று வருடமும் அம்மாவின் வேலையை நான் யாரிடமும் சொன்னதில்லை. அதற்காக என்மேலேயே இருந்த கோபமும் சேர்ந்து இவர்மேல் ஏறியது.

“அத ஹெட்மாஸ்டர் எங்கிட்டயே சொல்லட்டும்” என்று, நான் இணைத்த படம் இருந்த பென்டிரைவைக் கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கிப் பையில் போட்டேன். “நாளைக்கு வேற ஆளப் பாத்துக்கங்க.”

பள்ளி விடுவதற்குள் ஹெட்மாஸ்டரைப் பார்த்துவிட வேண்டுமென்று வேகமாகப் படியிறங்கினேன்.