நீல உறைக்குள் என் கையெழுத்து

ஹுஸைனைக் கள்ளன் என்று சொன்னது நான்தான். எங்கள் ஒழுங்கையில் நின்று, மற்றவர்களுக்கும் கேட்கும்படி சொன்னேன். ஆகவே பிறகு நடந்ததையும் நானே எழுதிவைக்க வேண்டும்.

கொக்குவிலில் எங்கள் வீட்டைத் தெரியாதவர்கள் குறைவு. தகப்பனார் நொத்தாரிசாக இருந்தவர். அவர் எழுதிய காணி உறுதிகளில் ஒன்றையாவது எந்த நீதிமன்றமும் தள்ளியதில்லை. நான் தொலைத்தொடர்புப் பகுதியில் முப்பத்தொரு வருடம் வேலைபார்த்துப் பரிசோதகராக ஓய்வுபெற்றேன். மனைவி காலமாகி நாலு வருடம். மகள் சிவகௌரி கனடாவில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அழைப்பாள். மற்ற ஆறு நாளும் நான் வாய் திறப்பதற்கு வீட்டில் காரணம் இல்லை.

ஹுஸைன் யாழ்ப்பாணம் சோனகதெருக்காரர். தொண்ணூறில் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது சிறுவயதில் புத்தளத்துக்குப் போய், அங்கேயே வளர்ந்து, கலியாணம் செய்து, பிள்ளைகளோடு திரும்பி வந்தவர். பழைய இரும்பும் பற்றரியும் வாங்குபவர். இரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள் எங்கள் படலையில் நின்று பழைய இரும்பு உண்டோ என்று கேட்டார். அவருடைய பையில் வயரில்லாத ட்றில் மெஷின்களின் பற்றரிகள் கிடந்தன. செத்துப்போனவை, கிலோக் கணக்கில் கொழும்புக்குப் போகின்றன என்றார். ஒன்றை வாங்கிக் கழற்றிக் காட்டினேன். உள்ளே பத்து செல்கள், இரண்டிரண்டாக ஐந்து வரிசை. அநேகமாக ஒரு வரிசைதான் செத்திருக்கும். அதற்காகச் சார்ஜர் முழுப் பற்றரியையும் தள்ளிவிடும். மிச்சம் எட்டும் உயிரோடு இருக்கும்.

அன்றிலிருந்து இரண்டு கிழமைக்கு ஒருமுறை, சனிக்கிழமை காலையில் வருவார். நான் செல்களை இணைத்திருக்கும் தகட்டை வெட்டிப் பிரிப்பேன். இரண்டரை வோல்ற்றுக்குக் கீழே போன செல்லை வைத்துக்கொள்ள மாட்டேன். அது திரும்பவும் எழும்பினாலும் நம்பக்கூடாது. மற்றவற்றைச் சார்ஜ் செய்து, அளந்து, வோல்ற்று அளவையும் திகதியையும் கறுப்புப் பேனாவால் செல்லிலேயே எழுதி ஒரு மாதம் மேசை லாச்சிக்குள் வைப்பேன். மாதம் முடிய அளவு இறங்காமல் இருப்பதுதான் அவருக்குப் போகும். அவருடைய மருமகன் அவற்றைச் சேர்த்துக் கட்டி, சண்டிலிப்பாய்த் தோட்டக்காரரின் மருந்தடிக்கும் மெஷின்களுக்குக் கொடுப்பார். நான் ஒரு சதமும் வாங்கியதில்லை. அவர் மாமரத்தின் கீழ் இருந்து தேத்தண்ணீர் குடித்துவிட்டு அரை மணித்தியாலம் கதைத்துப் போவார். புத்தளத்து உப்பளம், மகளின் படிப்பு, சாமான்களின் விலை. எனக்கு அது போதுமாயிருந்தது.

சென்ற ஆவணியில் ஒரு பற்றரியைத் திருப்பிக் கொண்டுவந்தார். தோட்டக்காரர் நாலு வரம்பு அடிப்பதற்குள் மெஷின் நின்றுவிடுகிறதாம். படலையடியிலேயே மீற்றரை வைத்துப் பார்த்தேன். ஒரு செல் முற்றாகச் செத்திருந்தது. எல்லாச் செல்லும் புது நீல உறை போர்த்தியிருந்தன. என் எழுத்து ஒன்றிலும் தெரியவில்லை.

"இது என்ரை செல் இல்லை. நீர் மாத்திப்போட்டீர்" என்றேன்.

"மாத்தி எனக்கென்ன லாபம் ஐயா?"

"அது களவெடுக்கிறவனுக்குத்தான் தெரியும்."

எதிர் வீட்டுப் பாலேஸ்வரி தன் படலையில் நின்றா. ஒழுங்கை முகப்பில் அலுமினிய யன்னல் பட்டறை வைத்து, செத்த ட்றில் பற்றரிகளை ஹுஸைனுக்கு விற்கும் கீர்த்திகன், அவவின் யன்னலுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தான். ஹுஸைன் அவர்கள் இருவரையும் ஒருமுறை பார்த்தார். பற்றரியை மதிலில் வைத்துவிட்டு மோட்டார்சைக்கிளைத் திருப்பினார்.

அடுத்த நாள் காலை அந்த நீல உறையைக் கீறி உரித்தேன். எதற்கு உரித்தேன் என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. மருமகன் கட்டும்போது அதை மேலே போர்த்தியிருக்கிறார்; உள்ளே பழைய உறையில் என் எழுத்து இருந்தது. 4.17. திகதியும் என்னுடையதே. செத்த செல்லிலும் அப்படித்தான்.

லாச்சியைத் திறந்து, காத்திருந்த செல்களை அளந்தேன். ஒவ்வொன்றிலும் நான் எழுதியிருந்தது 4.17 அல்லது 4.16. மீற்றர் காட்டியது 3.92. இருபத்தாறு செல்லும் ஒரே அளவாக இறங்க முடியாது. அப்போதுதான் நினைவு வந்தது. இலக்கம் மங்கலாகத் தெரிகிறதென்று அதற்கு முந்தின கிழமைதான் மீற்றருக்குப் புதுப் பற்றரி போட்டிருந்தேன். பழையதை எறியவில்லை. அதைத் திரும்பப் போட்டு அளந்தேன். அதே செல் 4.17 காட்டியது. பிறகு கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். திரையின் மூலையில், பற்றரி முடிகிறது என்கிற சின்ன அடையாளம் இருந்தது. மீற்றரின் பற்றரி இறங்கினால் அளவு கூடிக் காட்டும். எனக்குக் கீழே வேலை செய்த எத்தனையோ பெடியளுக்கு நானே அதைச் சொல்லியிருக்கிறேன். ஹுஸைனுக்கு முன்னால் கண்ணாடி போடாமல் இலக்கத்தை வாசிப்பதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. பிறகு தனியே இருக்கும்போதும் போடாமல் விட்டுவிட்டேன். செல் இறங்கியதை மீற்றர் கூட்டிக் காட்டி மறைக்க, தள்ளவேண்டிய செல்களை மாதக்கணக்காக நல்லதென்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் பொய்யாக ஒருவன் மேல் களவு சுமத்தியவரும் எங்கள் வீட்டில் இல்லை. இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் வேட்டி சால்வையோடு ஹுஸைன் வீட்டுக்குப் பஸ் ஏறினேன்.

ஹுஸைனின் மனைவி றபீக்கா கதிரையைத் துடைத்துப் போட்டா. அவர் உள்ளே இருந்து வந்து நின்றார். இருக்கவில்லை. மீற்றரின் கதையை முழுவதும் சொன்னேன்.

"அப்ப மீற்றர்லதான் பிழை" என்றார்.

"இல்லை. பிழை என்னிலை."

"வீடு தேடி வந்து சொல்றீங்க ஐயா, பெரிய விஷயம். ஆனா அண்டைக்கு நீங்க அதை இங்க வெச்சுச் சொல்லல்லையே, ஒழுங்கையில வெச்சுத்தானே சொன்னீங்க."

கீர்த்திகன் இப்போது தனக்குப் பற்றரி கொடுப்பதில்லை என்று பிறகு சொன்னார். அவன் சொல்லிப் பக்கத்து ஊரான திருநெல்வேலியில் இன்னும் இரண்டு பட்டறைகள் நிறுத்திவிட்டனவாம். வீடு வீடாகப் போய் வாங்குகிறவனுக்கு இப்படி ஒரு பெயர் வந்தால் என்ன செய்வது என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை.

பஸ்ஸால் இறங்கி நேரே பட்டறைக்குப் போனேன். மெஷினை நிற்பாட்டச் சொன்னேன். வேலையாட்கள் மூவரும் கீர்த்திகனும் நிமிர்ந்து பார்த்தார்கள். ஹுஸைன் எதையும் மாற்றவில்லை, பிழையாக அளந்தது நான், பொய்யாகக் களவு சொன்னதும் நான் என்றேன்.

ஒருவன் சிரித்துக்கொண்டு, "அப்ப மீற்றரைத்தான் பொலிசிலை குடுக்கவேணும் ஐயா" என்றான். கீர்த்திகன் அவனை அதட்டினான். எனக்கு அந்தச் சிரிப்பு வேண்டியதுதான்.

"விசாரியாமல் ஏன் தம்பி நிப்பாட்டினனீர்?" என்று கேட்டேன்.

கீர்த்திகன் என்னை விளங்காதவன்போலப் பார்த்தான். "வேறை ஆரும் சொல்லியிருந்தால் விசாரிச்சிருப்பன். நொத்தாரிசு வீட்டு ஆள் சொன்னதுக்கு மேலை என்னத்தை விசாரிக்கிறது?"

திருநெல்வேலிப் பட்டறைகளுக்கும் எடுத்துச் சொல்லும்படி கேட்டேன். எனக்கு முன்னாலேயே கைப்பேசியில் சொன்னான்.

பாலேஸ்வரியிடமும் போனேன். அவ, "எந்த ஹுஸைன்?" என்று கேட்டா. விளக்கிச் சொன்னேன். "நான் அண்டைக்கு அவன் அளவைச் சரியாய் எடுக்கிறானோ எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான், அண்ணை. நீங்கள் கதைச்சது ஒண்டும் எனக்குத் தெரியாது" என்றா. இத்தனை வருடமாக அந்த வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று எத்தனை கதையை மெதுவாகக் கதைத்திருக்கிறேன்.

ஹுஸைனுக்கு அழைத்து, சொல்லவேண்டிய இடங்களில் சொல்லியாயிற்று என்றேன். கீர்த்திகன் தனக்கும் அழைத்தான் என்றார், நன்றி என்றார். சனிக்கிழமை வருவீரோ என்று கேட்டேன்.

"மருமகன் இப்ப செல்லுப் பாக்கிறதுக்கு ஒரு மெஷின் எடுத்திருக்கார் ஐயா. அதுவே எல்லாம் அளந்திடும். உங்களுக்கும் இனி ஏன் கரைச்சல்?"

நல்லது என்றேன். மரியாதையாகத்தான் சொன்னார். மரியாதையாக ஏற்றுக்கொள்ள எனக்கும் தெரியும்.

லாச்சியில் இருந்த இருபத்தாறையும் புதிதாக அளந்து, பழைய இலக்கத்தை வெட்டி, பக்கத்தில் சரியானதை எழுதிக் கீர்த்திகன் மூலம் அனுப்பிவிட்டேன். மேசை இப்போது வெறுமையாக இருக்கிறது.

முன்பு கீர்த்திகனின் பட்டறைக்குப் பக்கத்துக் கடையில் காலை ஆறு மணிக்குப் பேப்பர் வாங்குவேன். சனிக்கிழமைகளில் இப்போது ஒன்பது மணிக்குப் போகிறேன். அந்த நேரம் ஹுஸைன் பட்டறையில் நின்று பை கட்டிக்கொண்டிருப்பார். சுகமோ ஐயா என்பார். ஓம், நீர் சுகமோ என்பேன். அவருக்கு அடுத்த இடத்துக்குப் போகவேண்டியிருக்கும்.

சென்ற சனிக்கிழமை அவர் வரவில்லை. பேப்பரை மடித்துக் கமக்கட்டில் இடுக்கிக்கொண்டு சிறிது நேரம் நின்றேன். கீர்த்திகன் வெளியே வந்து, என்ன ஐயா, ஏதும் வேணுமோ என்று கேட்டான். ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டேன்.