இருவருக்கு ஒரு காரணம்

இருபது வருடத்துக்கு மேல் நகரத்தில் குடியிருப்பவர்கள், ஏன் இங்கே குடியிருக்கிறோம் என்பதற்கு ஒரு காரணத்தை நேரில் வந்து சொல்ல வேண்டும். ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்லக் கூடாது. கலியபெருமாளுக்கு அந்தக் கடிதம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. எல்லோருக்கும் வருவதுதான்.

அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. புரசைவாக்கத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கல்யாணம் ஆகவில்லை. அயனாவரத்தில் மாடியில் ஒற்றை அறை.

காரணம் சொல்லாதவர்களை நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் கல்லாக நட்டுவிடுவார்கள். கீழ்வீட்டுப் பாலகுருசாமி அப்படித்தான் மதுராந்தகம் பக்கத்தில் நிற்கிறார். அவர் மனைவி ஞாயிற்றுக்கிழமைதோறும் பஸ் ஏறிப் போய்த் துடைத்துவிட்டு வருவார். போன மாதம் வெள்ளையடித்தார்களாம், ஆள் கொஞ்சம் தெளிவாக இருக்கிறாராம். சந்தோஷம் என்றார் கலியபெருமாள்.

கடையில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் புறப்பட்டார். அலுவலகம் மூன்றாம் மாடியில் இருந்தது. நடைவழி, நடக்க நடக்க நீண்டது. கால்மணி நேரம் கழித்துப் பின்னாலிருந்து ஒரு ஷேர் ஆட்டோ வந்தது.

"கவுண்டர் ஆறு, ஏழு, எட்டு. ஏறு ஏறு" என்றார் ஓட்டுநர்.

உள்ளே இருந்தவர்கள் தங்கள் காரணங்களை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு அம்மாள் தூக்குவாளியில் சாயங்காலக் கடல்காற்று கொண்டுவந்திருந்தார். மூடியை ஒரு கையால் அழுத்திப் பிடித்திருந்தார். இன்னொருவர் தன் மகளைப் பிழைக்கவைத்த ஆஸ்பத்திரியைத் துண்டில் சுற்றி வைத்திருந்தார். அது லேசாக முனகியது. கலியபெருமாளின் கைகள் காலியாக இருந்தன. அவற்றைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.

எட்டாம் கவுண்டர் எழுத்தர் குனிந்தபடியே காரணம் கேட்டார். கடற்கரை என்றார் கலியபெருமாள்.

"கடற்கரை தீர்ந்துபோச்சு."

நூலகம் என்றார். அதுவும் தீர்ந்திருந்தது. கச்சேரிகள் மார்ச்சிலேயே தீர்ந்துவிட்டன. எந்த ஊர்க்காரருக்கும் அவர் ஊர்ச் சாப்பாடு கிடைக்கும் என்பதை மொத்தமாக ஒரு குடும்பம் வாங்கிப் போயிருந்தது. மின்சார ரயிலில் ஜன்னலோர இருக்கை ஒன்று மிச்சமிருந்ததாம். அதை இப்போதுதான் ஆறாம் கவுண்டரில் கொடுத்துவிட்டார்களாம்.

கலியபெருமாளிடம் சொந்தமாக ஒரு காரணம் இருந்தது. அதைச் சொல்லவேண்டி வராது என்ற நம்பிக்கையில்தான் இருபத்தாறு வருடம் ஓட்டியிருந்தார்.

சொந்த ஊரான சங்கராபுரத்தில் அவருக்குக் கல்யாணம். முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் இருந்தது. தலைவலி மாத்திரை வாங்க மண்டபத்தைவிட்டு வெளியே வந்தார். எதிரே பஸ் நின்றிருந்தது. ஏறிவிட்டார். பெண்ணிடம் ஒரு குறையும் இல்லை. பெண் வீட்டாரிடமும் இல்லை. வேறு யாரையும் அவர் மனத்தில் வைத்திருக்கவும் இல்லை. பஸ் நின்றிருந்தது, அவ்வளவுதான்.

பட்டு வேட்டியும் கன்னத்துச் சந்தனமுமாகச் சென்னையில் இறங்கினார். பஸ் நிலையத்தில் ஆயிரம் பேர் இருந்தார்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. டீக்கடைக்காரர் சர்க்கரை தூக்கலா என்று மட்டும் கேட்டார். லாட்ஜில் எத்தனை நாள் என்று மட்டும் கேட்டார்கள். அன்று கலியபெருமாள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். இப்படியும் ஒரு ஊர் இருக்கிறதே என்று அழுதார். அதன்பின் சொந்த ஊருக்குப் போகவில்லை. ஒரு வரி எழுதவும் இல்லை.

இப்போது கண்ணாடித் தடுப்பின் ஓட்டைக்கு வாயைக் கொண்டுபோய்த் தணிந்த குரலில் சொன்னார்.

"இங்க யாரும் எதுவும் கேக்கமாட்டாங்க."

எழுத்தர் முதல்முறையாக நிமிர்ந்தார். நல்ல காரணம் என்றார். பதிவேட்டைப் புரட்டினார். விரல் ஒரு பக்கத்தில் நின்றது.

"ஏற்கெனவே ஒருத்தங்க குடுத்துட்டாங்க சார்."

ஆனால் முதலில் கொடுத்தவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் ஒரு காரணத்தை இரண்டு பேர் வைத்துக்கொள்ளலாம், விதியில் இடம் உண்டு என்றார். பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். அஞ்சலாட்சி. தகப்பனார் பெயர் ராஜாங்கம். சொந்த ஊர் சங்கராபுரம். நகரத்துக்கு வந்தது கலியபெருமாள் வந்த அதே வருடம், ஏழு மாதம் கழித்து. விளக்கம் என்ற கட்டத்தில், 'ஊரில் தினமும் கேட்டார்கள்' என்று எழுதியிருந்தது.

அந்தப் பெயரைக் கலியபெருமாள் ஒரே ஒரு இடத்தில்தான் அச்சில் பார்த்திருந்தார். கல்யாணப் பத்திரிகையில், தன் பெயருக்குக் கீழே.

"தெரிஞ்சவங்களா?"

"இல்லை" என்றார். இரண்டு காதும் சுட்டன.

எழுத்தர் 'இல்லை' என்று எழுதி, மை காய ஊதி, சம்மதத் தாளைக் கொடுத்தார். விலாசம் இதே நடைவழியில் நாற்பத்தோராம் கதவு.

கலியபெருமாள் நடந்தார். பத்தாம் கதவைத் தாண்டியபோது காலில் செருப்பு இல்லை. இருபதாம் கதவில் பேன்ட், பட்டு வேட்டியாகியிருந்தது. முப்பதாம் கதவில் கன்னங்களில் சந்தனம் காய்ந்து தோலை இழுத்தது. துடைத்தார். மறுபடி வந்தது. போய்விடலாம் என்று திரும்பினார். பின்னால் நடைவழி இல்லை, சுவர்தான் இருந்தது.

ஏன் என்று கேட்டால் பஸ் நின்றிருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். இரண்டாம் தடவை சொன்னபோது இன்னும் கேவலமாக இருந்தது.

நாற்பத்தோராம் கதவு திறந்தே இருந்தது. உள்ளே தையல் மெஷினில் ஓர் அம்மாள் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தார். கழுத்தில் டேப். முன்தலை நரைத்திருந்தது. பின் ஜன்னலில் ஓட்டேரித் தெருவின் சத்தம் கேட்டது. அவர் போட்டிருந்த மூக்குக்கண்ணாடி கலியபெருமாளின் கடையில் செய்தது. பவர் பார்த்ததும் கலியபெருமாளாகத்தான் இருக்க வேண்டும். எழுத்து தெரிகிறதா என்று கேட்டிருப்பார். முகத்தைப் பார்த்த ஞாபகம் இல்லை.

அஞ்சலாட்சி மெஷினை நிறுத்தினார். வெறுங்காலைப் பார்த்தார். பட்டு வேட்டியைப் பார்த்தார். கன்னத்துச் சந்தனத்தில் அவர் கண் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கையை நீட்டித் தாளை வாங்கி முழுக்கப் படித்தார்.

"எம் பேரு கலியபெருமாள்."

"எழுதியிருக்கே."

"சங்கராபுரம்."

"அதுவும் எழுதியிருக்கு."

கலியபெருமாள் பேனாவை நீட்டினார். "நீங்க ஏதாவது கேக்கணும்னா கேக்கலாம்."

அஞ்சலாட்சி யோசித்தார். கோபமாக யோசித்த மாதிரி தெரியவில்லை. ரவிக்கைக்கு எத்தனை கொக்கி வைப்பது என்று யோசிப்பவரைப் போல இருந்தார். பிறகு மேஜைமேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

"பேனா உங்களுதா?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

பேனாவை மூடித் தாளோடு திருப்பிக் கொடுத்தார். மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. கலியபெருமாள் நின்றுகொண்டேயிருந்தார். பஸ் நின்றிருந்தது என்ற இரண்டு சொல் நாக்கில் தயாராக இருந்தது. கேட்டால் சொல்லிவிடலாம். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம். தையல் ரவிக்கையின் கைப்பக்கம் வந்து வளைந்தது.

"வெளிச்சம் மறைக்குது. கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார் அஞ்சலாட்சி.

அவர் தள்ளி நின்றார்.

"இன்னும் கொஞ்சம்."

வாசற்படியைத் தாண்டி நடைவழியில் இறங்கி நின்றார்.

"இன்னும்" என்றார் அஞ்சலாட்சி, துணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கலியபெருமாள் இன்னும் கொஞ்சம் தள்ளிப்போனார்.