நான் ஒட்டிய சென்ஸர்

நீளமான குழாயின் உட்புறத்தைக் கடையும்போது லேத்தின் கருவி நடுங்கும். குழாயில் வரிவரியாகத் தழும்பு விழும். அந்த நடுக்கம் ஒரே கணக்குக்கு அடங்காது, நொடிக்கு நொடி குணம் மாறும். அதைச் சென்ஸரால் உணர்ந்து, அதற்கு எதிராகக் கருவியைத் தள்ளும் அளவைத் தானே திருத்திக்கொள்கிற ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டியை இரண்டு வருடம் உட்கார்ந்து செய்தேன். சோதித்துப் பார்க்கக் கிடைத்த பட்டறையில் லேத் ஓட்டுபவர் என் அக்காவின் கணவர். அவர் சொல்லித்தான் மேனேஜர் சம்மதித்தார்.

பெட்டியை இயக்கிய பத்தாவது நொடியில் கருவி அலறியது. அடங்க வேண்டிய நடுக்கம் ஏறிக்கொண்டே போய், முனை உடைந்து தெறித்தது. அத்தான் பாய்ந்து லேத்தை நிறுத்தினார்.

"என்னம்மா ஆச்சு?" என்றார் மேனேஜர்.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். "நடுவுல வேகத்தை மாத்தியிருப்பாங்க சார்," என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டேன்.

"நான் கையே வைக்கலையே," என்று அத்தான் முனகியதோடு சரி. மறுநாளே அவரைப் பேக்கிங் பிரிவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

நான்காம் நாள், பெட்டியின் பதிவுகளைப் புரட்டியபோதுதான் எனக்கு உறைத்தது. சென்ஸரை நான் தலைகீழாக ஒட்டியிருந்தேன். எதிர்த்துத் தள்ள வேண்டிய பெட்டி நடுக்கத்தோடு சேர்ந்து தள்ளியிருக்கிறது. நடுக்கம் கூடக்கூட இன்னும் பலமாகத் தள்ளியிருக்கிறது.

யாரிடமும் மூச்சு விடாமல் சென்ஸரைத் திருப்பி ஒட்டினேன். புது ஆள் லேத்தை ஓட்டினார். குழாயின் உட்புறம் கண்ணாடி மாதிரி வந்தது. மேனேஜர் கைதட்டினார்.

"ஆளை மாத்தினதும் சரியாயிடுச்சு, பாத்தீங்களா!"

எனக்குக் காது மடல் சுட்டது. "ஆளால இல்ல சார். சென்ஸரை நான்தான் தலைகீழா ஒட்டியிருந்தேன். அன்னைக்கு அவர் எதையும் தொடல."

கைதட்டல் நின்றது.

பேக்கிங் பிரிவில் அத்தான் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் தலை நிமிரவில்லை.

"மன்னிச்சிருங்க அத்தான். நாளைக்கே உங்களைத் திரும்ப லேத்துல போடுறாங்களாம்."

"சரி. உங்க அக்காகிட்டயும் நீயே சொல்லிடு. நான்தான் கைதவறி வேகத்தை மாத்திட்டேன்னு அவகிட்ட சொல்லி வெச்சிருக்கேன்."

"ஏன் அத்தான் அப்படிச் சொன்னீங்க?"

"பின்ன? 'உன் தங்கச்சி பொய் சொல்றா'ன்னு அவகிட்ட சொல்லச் சொல்றியா?"

சாயங்காலம் அக்காதான் கதவைத் திறந்தாள். நான் வாயெடுப்பதற்குள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவரால உனக்கு எவ்வளவு தலைக்குனிவு! நாலு நாளா அவரைத் திட்டித் தீத்துட்டேன்டி."

வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா மெல்லத் தன் கையை எடுத்துக்கொண்டாள். உள்ளே வா என்று சொல்ல அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று.