ஒரு சஹனுக்கு ஆறு பேர்

போன்களையெல்லாம் வாங்கி, கை கழுவுகிற ஒரு பெரிய பேசினுக்குள் போட்ட பிறகுதான் நான் வகுப்பைத் தொடங்குவேன். கற்பிட்டியில் ஒரு தையல் கடையின் மேல்மாடியில், சனிக்கிழமை காலைகளில் நடக்கிற பெண்களுக்கான ஆங்கில வகுப்பு அது. பேசின் தையல்கடைக்காரரின் மகளுடைய கலியாணத்துக்கு வாங்கியது. விருந்தாளிகள் கை கழுவிய அந்தப் பேசினில் இப்போது ஆறு போன்கள் கிடந்து முனகும். இந்த ஏற்பாட்டுக்குக் காரணம் ஆறு மாணவிகளில் ஒருத்தியான நிஃப்லா. அவள் எதையும் போனிடம் கேட்டுத்தான் எழுதுவாள். மீன் ஆணத்தை, அதாவது குழம்பைப் பற்றி எழுதச் சொன்னால் ‘டிலீஷஸ்’ என்று எழுதினாள். வட்டிலப்பமும் டிலீஷஸ், பாணும் பருப்பும் டிலீஷஸ், ஒருமுறை அவளுடைய மாமியார்கூட டிலீஷஸ். அன்றைக்கே அந்தச் சொல்லை வகுப்பில் ஹராம் ஆக்கினேன். அதன் பிறகுதான் ஆறு பேருக்கும் நாக்கு விழித்தது. புளிப்புக்கு என்ன, முறுகலுக்கு என்ன, அடிப்பிடித்ததுக்கு என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டு ஆங்கிலத்தில் வாங்கிக்கொண்டார்கள்.

சொற்கள் சேர்ந்தன. ஆனால் தனியாக எழுதப் பழக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. எங்கள் கலியாண வீடுகளில் சாப்பாடு சஹனில் வரும். ஒரு பெரிய தட்டில் சோறு, அதைச் சுற்றி ஆறு பேர் பாயில் உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிட வேண்டும். அதற்கு ஒரு மரியாதை இருக்கிறது. நல்ல இறைச்சித் துண்டு நம் பக்கம் வந்தால் அதைப் பக்கத்தில் இருப்பவளின் பக்கம் தள்ளிவிட வேண்டும். அவளும் அதையே செய்வாள். தள்ளியதைத் திருப்பி எடுப்பவளை ஊர் சும்மா விடாது. இந்த ஆறு பேரும் எழுத்தையும் அப்படித்தான் எழுதினார்கள். கதிரைகளைத் தள்ளித் தள்ளிப் போட்டுவிட்டு நான் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் போதும், மறுபடி பார்க்கும்போது கதிரைகள் வட்டமாகியிருக்கும். ஒருத்திக்கு நல்ல வசனம் ஒன்று வாய்த்துவிட்டால் அது ஆறு கொப்பிக்கும் போய்விடும். இது களவு என்று நான் சொன்னபோது அந்த ஆறு பேரில் ஒருத்தியான றஹ்மாவுக்கு உண்மையிலேயே மனம் நொந்துவிட்டது.

“களவு எப்படி டீச்சர்? அவ தந்துதானே நான் எடுத்தன். ஒருத்தி தெரியாம முழிச்சிட்டு இருக்கிறா, பாத்துட்டுச் சும்மா இருக்கிறதா? பாவம் இல்லையா?”

இதற்கு எந்தப் பயிற்சிக் கல்லூரியிலும் எனக்குப் பதில் சொல்லித் தரவில்லை.

அப்படி வசனங்களை மற்றவர்கள் பக்கம் அதிகம் தள்ளிவிட்டவள் ஸாஜிதா. அவளுக்கு வசனம் தானாக வரும். பிழை நிறைய இருக்கும், ஆனால் உயிரும் இருக்கும். பகலெல்லாம் கரையோர வாடிக் கொட்டகையில் இறால் உரிப்பவள். உப்பும் ஐஸும் பட்டு விரல் நுனிகள் வெடித்திருந்ததால் பேனையைக் கொஞ்சம் உயர்த்தித்தான் பிடிப்பாள். அவளுடைய கணவன் ஜௌபர் களப்பில் இறால் பிடிக்கிறவர். “புருஷன் புடிக்கிறார், பொண்டாட்டி உரிக்கிறா. எங்கட ஊட்டுல இறாலுக்குத் தப்பிக்க வழியில்ல டீச்சர்” என்று சிரிப்பாள். ஒரு நாள் எல்லோரும் போன பிறகு நின்று, சிரிக்காமல் வேறொன்று சொன்னாள். “கையால எழுதுற வேல ஒண்டு எனக்குக் கிடைக்கணும் டீச்சர். ஒரு வருஷமாவது. பிறகு திரும்பி உரிக்கச் சொன்னாலும் பரவாயில்ல.”

அந்த வேலை நிக்கொலஸ் என்ற உருவத்தில் வந்தது. பட்டத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் சறுக்க வெள்ளைக்காரர்கள் வருகிற காலம் தொடங்கியிருந்தது. அவர்கள் தங்கும் ஹோட்டல் ஒன்றுக்கு நிக்கொலஸ் முகாமையாளர். மதியச் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் ஒரு பலகை வைத்து, அன்றைய சமையலைப் பற்றி ஆங்கிலத்தில் இரண்டு மூன்று வரி எழுத ஒரு பெண் வேண்டும் என்றார். இதுவரை அவரே எழுதினாராம். மீன் கறி, கோழிக் கறி, மறுநாள் மறுபடி மீன் கறி. அவருக்கே அலுத்துவிட்டது. இடம் ஒருத்திக்குத்தான். சனிக்கிழமை தானே வந்து எழுத வைத்துப் பார்ப்பதாகச் சொன்னார். ஆறு பேருமே ஆசைப்பட்டார்கள். றஹ்மா பதினைந்து நிமிஷம் முந்தியே புது அபாயாவோடு வந்து காத்திருந்தாள்.

நிக்கொலஸ் கொடுத்த தலைப்பு இறால் கறி. நான் கதிரைகளைச் சுவரோரமாக, ஒன்றுக்கொன்று முதுகு காட்டும்படி போட்டேன். பேசினை நிக்கொலஸின் கண்ணெதிரே மேசையில் வைத்தேன். அன்றைக்கு நான் கரும்பலகைப் பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் கீழே தையல்கடையில் தேத்தண்ணி ஆயத்தம் என்று கூப்பிட்டார்கள். விருந்தாளியை வைத்துக்கொண்டு எடுக்கப் போகாமல் இருக்க முடியுமா? நிக்கொலஸும் போன் வந்து பல்கனிக்குப் போயிருக்கிறார். நான் தட்டோடு ஏறி வந்தபோது கதிரைகள் வட்டமாகியிருந்தன.

நிக்கொலஸ் தாள்களை வாங்கி வாசித்தார். முதலாவதைப் பார்த்துச் சிரித்தார். இரண்டாவதிலும் சிரித்தார். மூன்றாவதில் சிரிப்பு நின்றது. மிச்சத்தை வேகமாகப் புரட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

“மிஸ், ஆறு தாளிலயும் ஒரே வசனம்.”

நான் வாங்கிப் பார்த்தேன். தமிழில் சொன்னால் அது இப்படி வரும்: ‘இன்று காலை இந்த இறால்கள் களப்பில் இருந்தன, அப்போது நீங்கள் நித்திரையில் இருந்தீர்கள்.’ எனக்குப் பெருமை பொங்கிக்கொண்டு வந்தது, அதே நேரம் ஆறு பேரையும் முட்டுக்கால் போட வைக்க வேண்டும் போலவும் இருந்தது. அந்த வசனம் யாருடையது என்று கேட்காமலே எனக்குத் தெரியும். 

“போன்ல எடுத்ததா?” என்றார் நிக்கொலஸ். நான் பேசினைக் காட்டினேன். “அப்ப மிஸ் சொல்லிக் குடுத்ததா?”

இனி நான் ஸாஜிதாவின் பெயரைச் சொன்னால் வேண்டியவளுக்குப் பரிந்து பேசுவதாகத்தான் இருக்கும். நிக்கொலஸ் தாள்களை மடிக்கத் தொடங்கினார். அவர் கார்ச் சாவியைக் கையில் எடுத்தபோது றஹ்மா எழுந்தாள்.

“சேர், அது இவட வசனம். ஸாஜிதாட. நாங்க பாத்து எழுதினது.”

நான் மூச்சு விட்டேன். ஆனால் ஸாஜிதா தலையைக் குனிந்துகொண்டே, “இல்ல சேர். எல்லாரும் சேர்ந்து யோசிச்சது” என்றாள்.

எனக்கு அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல் வந்தது. ஒரு வருஷமாவது என்று என்னிடம் கேட்டவள், இப்போது கைக்கு வந்ததைச் சபை மரியாதைக்காகத் தள்ளிவிடுகிறாள். கொடுத்த துண்டைத் திருப்பி எடுக்க அவளுக்குத் தெரியாது. யாரும் அவளுக்கு அதைப் பழக்கவில்லை, நானும்தான்.

நிக்கொலஸ் சாவியை மேசையில் வைத்தார். கோபம் போகாத முகத்தோடு தாள்களை ஆளுக்கொன்றாகத் திருப்பிக் கொடுத்தார். “சரி. எல்லாரும் சேர்ந்து யோசிச்சதெண்டா எல்லாருக்கும் தெரியும்தானே. இதுக்கு அடுத்த வசனத்த எழுதுங்க. இந்த மாதிரியே இருக்கணும்.”

ஆறு பேனைகள் உயர்ந்தன. கதிரைகள் இன்னும் வட்டமாகத்தான் இருந்தன, மாற்ற எனக்கும் மனம் வரவில்லை. நிஃப்லா ‘டி’ என்று தொடங்கி, என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, அதை வெட்டினாள். றஹ்மா தாளைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், பிறகு ஸாஜிதாவின் வெடித்த விரல்களைப் பார்த்தாள். றஹ்மாவுக்கும் ஏதோ ஒரு வசனம் வந்துதான் இருக்க வேண்டும், உதடு அசைந்தது. ஆனாலும் பேனையை மூடித் தாளின் மேல் வைத்துவிட்டு, கையை மடிக்கு எடுத்துக்கொண்டாள். சஹனில் கடைசித் துண்டு ஒன்று மிஞ்சும்போது எங்கள் பெண்கள் செய்வது இதுதான். எனக்குப் போதும், நீ எடு என்று வாயால் சொல்வதில்லை, கையை எடுத்துக்கொள்வார்கள். அவளைப் பார்த்து நிஃப்லா கையை எடுத்தாள். மற்ற மூவரும் எடுத்தார்கள்.

ஸாஜிதா நிமிர்ந்தபோது வட்டத்தில் அவள் கை மட்டும்தான் இருந்தது.

“எழுது புள்ள,” என்றாள் றஹ்மா மெதுவாக. “சோறு ஆறுது.”

ஸாஜிதா பேனையை உயர்த்திப் பிடித்து எழுதினாள். நான் அவள் தோளுக்குப் பின்னால் போய் நின்றேன், நிக்கொலஸும் வந்து நின்றார். எழுத்து கொஞ்சம் சரிந்திருந்தது, ஒரு சொல்லில் ஓர் எழுத்துக் குறைந்திருந்தது. ‘என் கணவர் நித்திரை கொள்ளவில்லை.’

நிக்கொலஸ் அதை இரண்டாம் தரம் வாசிக்கக் குனிந்தார். ஸாஜிதா முற்றுப்புள்ளி வைத்த கையோடு, பழக்கத்தில், தாளை றஹ்மாவின் பக்கம் தள்ளிவிட்டாள். றஹ்மா ஒரு விரலால் அதைத் திருப்பி அவள் பக்கமே தள்ளினாள்.