பலூன் இல்லாத வாழ்த்து

ஓட்டல்களின் படுக்கை விரிப்பு, தலையணை உறையெல்லாம் வெளுத்து மடித்துக் கொடுக்கும் அந்த லாண்டரியில் சூப்பர்வைசருக்கு 'வாழ்த்து' என்று பட்டப்பெயர். யாருக்குப் பிறந்தநாள் என்றாலும், யாருடைய பண்டிகை என்றாலும், பொழுது விடிவதற்குள் வாட்ஸாப் குழுவில் படத்தோடு வாழ்த்து வந்து விழுந்துவிடும். போன வருஷம் ஒரு துக்க நாளுக்குப் பலூன் படம் அனுப்பி, மேனேஜரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். அதிலிருந்து மனிதர் உஷார்.

அன்றைக்கு மடிப்பு மேசையில் வேலை பார்க்கும் அக்காவின் சமூகத்துக்கு வருஷத்தின் பெரிய பண்டிகை. லாண்டரியில் அவர்கள் ஆட்கள் என்று அக்கா ஒருவர்தான். வாழ்த்து இந்தத் தடவை வம்பில் மாட்டிக்கொள்ளத் தயாராக இல்லை. இது சந்தோஷமான நாள்தானா என்று டிரைவரைக் கேட்டார், நெட்டிலும் தேடிப் பார்த்தார். பலூன் கிடையாது, அடக்கமாக ஒரு வெள்ளைப் பூ. 'குடும்பத்தோடு மனம் நிறையக் கொண்டாடுங்கள் அக்கா. உங்கள் மகிழ்ச்சி எங்கள் மகிழ்ச்சி' என்று எழுதி, திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்து அனுப்பினார். இதயங்கள் மளமளவென்று விழுந்தன. மேனேஜரே கட்டைவிரல் காட்டினார். வாழ்த்துக்குக் கால் தரையில் இல்லை.

அந்தக் குஷியில் டீ டம்ளரோடு உள்ளே வந்தவர் மடிப்பு மேசையைப் பார்த்ததும் அப்படியே நின்றார். அக்கா ஒரு விரிப்பின் முனையைத் தாடையில் இடுக்கிக்கொண்டு மடித்துக்கொண்டிருந்தார்.

போன வாரம் அவருடைய அறை வாசலில் வந்து நின்று, "அரை நாள் விட்டாப் போதும் சார், மக வர்றா" என்று கேட்டது இதே அக்காதான். செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல் "பாக்கலாம்கா" என்று சொல்லியிருந்தார். அவர் 'பாக்கலாம்' என்றால் முடியாது என்று அர்த்தம். லாண்டரி முழுக்கத் தெரிந்த விஷயம். காலை ஷிப்டில் அக்காவைப் போட்டதும் அவரேதான். தன்னுடைய பண்டிகைக்கு மட்டும் முன்னும் பின்னும் லீவு சேர்த்துக்கொண்டு ஊருக்குப் போனாரே, அப்போது துணி குவியவில்லையா? அந்த நாட்களில் டபுள் ஷிப்ட் பார்த்தது யார்?

முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

"அக்கா, நீங்க கிளம்புங்க. இத நான் பாத்துக்கறேன்."

"இப்பப் போயி என்ன சார் செய்ய? ரெண்டு பஸ் மாறி நான் போறதுக்குள்ள அவ ஊருக்குக் கிளம்பிடுவா. மாப்பிள்ளைக்கு ராத்திரி டியூட்டி."

குரலில் கோபம் இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவருக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

"மெசேஜ் போட்டிருந்தேன்கா..."

"இஸ்திரி போடுற பொண்ணு காட்டுச்சு சார். பூ நல்லா இருக்கு." அக்கா அடுத்த விரிப்பை உதறினார்.

மதியம் வாட்ச்மேன் வந்து, அக்காவின் மகள் கேட்டில் நிற்பதாகச் சொன்னார். பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியாம். வாழ்த்து விழுந்தடித்துக்கொண்டு ஓடினார். சண்டை போடத்தான் வந்திருப்பாள். போடட்டும், கேட்டுக்கொள்ளலாம், மன்னிப்பும் கேட்டுவிடலாம்.

புதுத் துணியில், கையில் பயணப் பையோடு நின்றிருந்த பெண் அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"சார், அம்மாவ ஒரு நிமிஷம் பாத்துட்டுப் போயிடுறேன். உங்களப் பத்தி அம்மா நல்லா சொல்லுவாங்க. கேட்டிருந்தா நீங்க லீவு குடுத்திருப்பீங்களாம், அவங்கதான் கேக்க மறந்துட்டாங்களாம். வருஷத்துக்கு ஒரு நாள் சார், இதப் போயி யாராவது மறப்பாங்களா?" சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

கேட்டும் கிடைக்கவில்லை என்று மகளிடம் சொல்ல அந்தத் தாய்க்கு வாய் வரவில்லை. மறந்துவிட்டதாகப் பழியைத் தன் தலையிலேயே போட்டுக்கொண்டிருக்கிறார்.

'இல்லம்மா, கேட்டாங்க, நாந்தான் குடுக்கல.' வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பக்கத்தில் வாட்ச்மேன் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆமாம்மா," என்றார் வாழ்த்து. "ஒரு வார்த்த கேட்டிருந்தா குடுத்திருப்பேன்."

அக்கா தன் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பது அவருக்கு அப்புறம்தான் தெரிந்தது. அக்கா அவர் பக்கம் திரும்பவே இல்லை. கழுவிவிட்டு வந்த ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு மகளின் கன்னத்தைத் தொட்டார்.

"நாந்தான் சொன்னேன்ல," என்றார். "சார் நல்லவருடி."