கமோஜிமா பாலத்தில் இருபது கிலோமீட்டர் வேகம்

மினி லாரியில் மீன், காய்கறி, தோஃபு ஏற்றிக்கொண்டு செவ்வாயும் வெள்ளியும் கமோஜிமா தீவுக்குப் போய் விற்றுவருவது பதினோரு வருடமாக என் தொழில். வண்டிகளை ஏற்றிச் செல்லும் படகு இருந்தவரை ஒரு குறையும் இல்லை. அக்டோபர் பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை பாலம் திறக்கப்படும், முந்தின நாளோடு படகு நிற்கும் என்று அறிவித்தபோது ஊரே கைதட்டியது. நான் தட்டவில்லை.

எனக்குப் பாலத்தில் வண்டி ஓட்ட வராது. கீழே தண்ணீர் தெரிந்ததும் கை ஸ்டியரிங்கோடு ஒட்டிக்கொள்ளும். கால் இருக்கிற இடமே தெரியாது. எங்கள் ஊர் ஆற்றின் இக்கரையிலேயே மார்க்கெட், பல் டாக்டர் எல்லாம் பார்த்து வைத்திருக்கிறேன். அக்கரையில் இருக்கும் தங்கை வீட்டுக்கு ரயில்தான்.

முந்தின வாரம் தீவிலிருந்து தொகுயே அக்கா போன் செய்தார். மகளிர் சங்கத் தலைவி. பேச்சில் சுற்றி வளைக்கத் தெரியாதவர்.

"திறப்பு விழா விருந்துக்கு நாப்பது மீன் வேணும் மிசாவோ. விசேஷத்துக்கு வைக்கிற சிவப்பு மீன், தலையோட. பதினொரு மணிக்குள்ள."

"பாலத்துலயா வரணும்?"

"பின்ன நீந்தியா வருவ? உன்னால ஆகாதுன்னா சொல்லிடு. பெரிய சூப்பர் மார்க்கெட்காரன் வாராவாரம் லாரி அனுப்பறேன்னு நிக்கறான்."

"வர்றேன்க்கா" என்றது என் வாய்தான்.

ஞாயிறு காலை என் கணவர் யசுஹெய், விசேஷ நாளாயிற்றே என்று வண்டியின் முகப்பில் சிவப்பு வெள்ளை ரிப்பன் கட்டினார்.

"நான் ஓட்டட்டுமா?"

"இன்னிக்கு ஓட்டுவீங்க. செவ்வாய்க்கிழமை ஃபாக்டரிக்கு யார் போவா?"

புதுப் பாலம் திறக்கும் வழக்கப்படி ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறைத் தம்பதிகள் முதலில் பாலத்தை நடந்து கடந்தார்கள். அடுத்து மேயர் முதலானோரின் கார்கள் போக வேண்டும். அதன் பிறகே பொதுமக்கள். நான் ஓரமாக நின்றேன். என் ரிப்பனைப் பார்த்து விழா வண்டி என்று நினைத்த போலீஸ்காரர் பணிவாகக் குனிந்து, முன்னால் போகும்படி கை காட்டினார். வண்டியை நகர்த்தினேன். மேயரின் கார் எனக்குப் பின்னால் வந்தது.

பாலத்தில் இடப்பக்கம் நாற்பத்து நான்கு விளக்குக் கம்பங்கள். அடுத்த கம்பத்தை மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்து, இருபது கிலோமீட்டர் வேகத்தில் போனேன். பயத்தில் எதையோ அழுத்தியதில் வியாபாரப் பாட்டு ஒலிபெருக்கியில் பாட ஆரம்பித்தது. அதை நிறுத்த ஒரு கையை எடுக்க வேண்டும். எடுக்கவில்லை.

ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. எங்கள் ஊரில் மேயருக்கும் அந்தத் துணிச்சல் கிடையாது. முன்னால் மெதுவாகப் போகிறார்கள் என்று பின்னால் வருபவருக்குச் சொல்ல, ஒவ்வொரு காரும் இரண்டு பக்க விளக்கையும் மினுக்கவிட்டது. கண்ணாடியில் பார்த்தால் என் பின்னால் ஒரு தேர்த் திருவிழா.

தீவுக்காரர்கள் இதுதான் ஊர்வலம் என்று நினைத்துவிட்டார்கள். கடைசிக் கம்பத்தைத் தாண்டியதும் கொடிகள் ஆடின, பேண்டு வாத்தியம் முழங்கியது. என் பாட்டைக் கேட்ட பெண்கள் கூடையோடு ஓடிவந்தார்கள். மேயர் இறங்கி வரிசையில் நின்று இரண்டு தோஃபு வாங்கினார்.

"பத்து அம்பது. மீனும் வந்துடுச்சு, மேயரையும் இழுத்துட்டு வந்துட்ட" என்றார் தொகுயே அக்கா. "சூப்பர் மார்க்கெட்காரனுக்கு வேண்டாம்னு சொல்லிடறேன்."

விருந்து முடிந்தபோது வண்டி காலி. கடலில் காற்று ஏறியிருந்தது. வெறும் வண்டியைக் காற்று ஆட்டுமே என்று நான் நின்றுகொண்டிருக்க, தொகுயே அக்கா வீட்டுக்குள் போய், ஊறுகாய்ப் பீப்பாய் மேல் பாரமாக வைக்கும் கற்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து பின்னால் அடுக்கினார். ஏழு கல். பிறகு தானும் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீங்க எங்கக்கா?"

"மக வீட்டுக்கு. ரெண்டு நாள் இருப்பேன்."

"திரும்பி எப்படி வருவீங்க?"

"கல்லையும் என்னையும் செவ்வாய்க்கிழமை நீதான கொண்டு வந்து விடப்போற? முள்ளங்கி ஊறப்போடணும். சீக்கிரமா வரணும், ஆமா."

எனக்குச் சிரிப்பு வந்தது. வண்டியைக் கிளப்பினேன்.