கொழுந்தியாள் வந்து நின்ற பக்கம்

நீட்டிய என் கைக்கும் அவள் மூக்குக்கும் நடுவில் ஒரு முழம், அந்த ஒரு முழத்தில்தான் கொடைக்கானல் பனி முழுவதும் வந்து நிற்கிறது, உள்ளங்கையில் சுட்ட சோளமுத்து, அவள் காதுகள் பின்னால் மடிகின்றன, ஈ உட்காராமலேயே தோல் சிலிர்க்கிறது, நான் அசையவில்லை, அசைவதற்கு உள்ளே எதுவும் மிச்சமில்லை, செசிலியை அடக்கம் செய்து ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, கைகூட என்னுடையதுபோல் இல்லை, யாரோ ஏரிக்கரை வேலியில் மாட்டிவிட்டு மறந்துபோன கை.

அவள் என்றால் குதிரை, பந்தயத்தில் விழுந்து, விழுந்ததற்கு அடியும் வாங்கி, மனிதக் கையைக் கண்டாலே வெள்ளைவிழி தெரிய ஒதுங்குகிற பழுப்புக் குதிரை, ஏரியைச் சுற்ற வாடகைக் குதிரை விடும் சிக்கந்தர் ராவுத்தர் வாங்கி வந்தது, அவன் வாப்பா காலத்திலிருந்தே அங்கே குதிரை பழக்குகிறவன் நான், பந்தயத்தில் வைத்த பெயர் எங்கள் யார் வாயிலும் நுழையவில்லை, பக்கத்தில் சோளக்கதிர் சுட்டு விற்ற என் மனைவி செசிலி, இவ என் தங்கச்சி, என்று சொல்லிவிட்டாள், அப்படித்தான் அறுபத்தெட்டு வயதில் எனக்கு நான்கு கால் கொழுந்தியாள் வாய்த்தாள், கரிப்புகை மணக்கும் செசிலியின் கையிலிருந்து மட்டும் அவள் தின்பாள், என் கையைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், இவ்வளவுக்கும் குதிரை விஷயத்தில் நான் சாதாரண ஆள் இல்லை, என்னிடம் இருந்த ஒரு மட்டக்குதிரை, ஞாயிறு பிரசங்கம் நீண்டால் கோயில் வாசலில் குளம்பைத் தட்டி மணி சொல்லும், சாமியார் பயந்துபோய் ஆமென் போட்டுவிடுவார், இன்னொன்று பேரிஜம் காட்டில் என்னைக் கீழே தள்ளிவிட்டு, மனசு கேட்காமல் வீட்டுக்குப் போய் செசிலியை ஏற்றிக்கொண்டு வந்தது, வழியில் அவளுக்கு வெற்றிலையும் வாங்கிக் கொடுத்தது, இதைச் சொல்லும்போதெல்லாம் செசிலி கதிரைத் திருப்பிக்கொண்டே, சிரிக்காமல், வெத்தல இல்லய்யா, பன்னு, என்று திருத்துவாள், அவள் திருத்திய பிறகு ஏரிக்கரையில் யாரும் சந்தேகப்படுவதில்லை.

துக்கம் கேட்க வந்தவர்களிடம் பிரசங்கக் குதிரையைச் சொன்னேன், ஒருவரும் சிரிக்கவில்லை, என் தங்கை ரெஜினா, அழுதுருண்ணே, நெஞ்சடச்சுப் போவே, என்றாள், சரி என்றேன், அழுகை வரவில்லை, குளிருக்குக் கையில் கிடைத்ததைப் போர்த்திக்கொண்டு கிளம்பினேன், அது செசிலியின் சிவப்புச் சால்வை, அன்றைக்குத்தான் அந்த ஒரு முழத்தைத் தாண்டிக் கொழுந்தியாள் மூக்கை நீட்டினாள், கைக்கு வரவில்லை, சால்வைக்கு வந்தாள், கரிப்புகையை மோந்தாள், பிறகு என் கையிலிருந்து தின்றாள், குதிரை பழக்குகிறவன் செய்யக் கூடாத திருட்டு அது, தெரிந்தே செய்தேன், தினமும் அதைப் போர்த்திக்கொண்டு போவேன், கழுத்தில் கை வைத்து அவள் மூச்சு தணிகிறவரை எடுக்க மாட்டேன், முதுகில் கயிறு, கயிற்றுக்குப் பிறகு வெறும் சாக்கு, சாக்குக்குப் பிறகு வார் இறுக்காத சேணம், மிரண்டால் முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுவேன், கண்ணைப் பார்க்காதவனைக் குதிரை மன்னிக்கும், அவள் பழகினாள், எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, நல்லது என்றுகூடத் தோன்றவில்லை.

சிக்கந்தர் கெட்டிக்காரன், ஒருநாள் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, மாமோய், நீயா பழக்குறே, அத்தயோட சால்வையில்ல பழக்குது, என்றான், சீசன்ல சின்னப் பிள்ளைகள ஏத்தணும், எத்தன பேருக்குச் சால்வ போத்துவே, புதன்கிழம வத்தலக்குண்டு புரோக்கர் வண்டி கொண்டாரான், அன்னைக்குச் சால்வ இல்லாம சேணம் போட்டுக் காட்டு, முடியலேன்னா செங்கச் சூளைக்கு வண்டி இழுக்கப் போகட்டும், என்னையத் திட்டாதே. திட்டவில்லை, செவ்வாய்க்கிழமை முப்பதாம் நாள் பூசை, செத்தவர் துணி ஒன்றுகூட அதன் பிறகு வீட்டில் இருக்கக் கூடாது, ரெஜினா ஒவ்வொன்றாக மடித்து மூட்டை கட்டினாள், இதையும் குடுண்ணே, என்று என் தோளிலிருந்து சால்வையை உருவினாள், தோள் லேசானது, அவ்வளவுதான்.

புதன் காலை லாரி பின்கதவைத் திறந்துபோட்டு நிற்கிறது, புரோக்கர் பீடி பிடிக்கிறான், நான் கை நீட்டுகிறேன், சோளம் இருக்கிறது, சால்வை இல்லை, கொழுந்தியாள் மோந்து பார்க்கிறாள், ஒரு அடி பின்னால் போகிறாள், இன்னொரு அடி, மறுபடியும் அதே ஒரு முழம், இல்லை, இப்போது இரண்டு, என்ன பெருசு, ஏத்திரவா, என்கிறான் புரோக்கர், இருய்யா, என்கிறான் சிக்கந்தர், நான் அவளுக்கு முதுகைக் காட்டி ஏரியைப் பார்த்து உட்கார்ந்துவிட்டேன், நீட்டிய கையை மடக்க மறந்துபோனேன், அது தண்ணீரைப் பார்த்து நீண்டிருக்கிறது, கொழுந்தியா, உங்கக்கா திண்டுக்கல் போயிருக்கா, சால்வைய வெளுக்கப் போட்டிருக்கா, வந்துருவா, என்று ஆரம்பித்தேன், நன்றாகத்தான் வந்தது, திண்டுக்கல்லில் ஒரு குதிரை அவளுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தது என்பதுவரை வந்து, வெற்றிலையா பன்னா என்கிற இடத்தில் நின்றுவிட்டது, பின்னாலிருந்து யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன், சொல்லவில்லை, செத்துப் போயிட்டா கொழுந்தியா, என்றேன், முப்பத்தொரு நாளில் என் வாய் அதைச் சொன்னது அப்போதுதான்.

புல்லில் குளம்புச் சத்தம், நின்று, மறுபடியும், பிறகு சால்வை கிடந்த அதே தோளில் கனமாக ஒரு தாடை வந்து இறங்கியது, சூடான மூச்சு காதுக்குள் போனது, நான் எழுந்து, கைச் சோளத்தைப் புல்லில் போட்டுவிட்டு, சேணத்தை எடுத்துவந்து போட்டேன், வாரை இறுக்கினேன், நின்றாள், காலியான லாரி கதவைச் சாத்திக்கொண்டு மலையிறங்கியது. புல்லில் சோளம் அப்படியே கிடந்தது, அதை அவள் தொடவில்லை, ஆனால் என் சட்டை கழுத்திலிருந்து மார்புவரை நனைந்திருந்தது, என்ன மாமா இது, மழகூட இல்லியே, என்று சிக்கந்தர் கேட்டான், கொழுந்தியா எச்சில்டா, என்றேன், இன்றுவரை எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லிவருகிறேன், திருத்துவதற்கு ஆளில்லை.